கைக்கு அடக்கமான முதல் துப்பாக்கி

லோர்னா ப்ரூயிட் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனது, தன் கணவனிடம் இருக்கும் துப்பாக்கிகளை வாங்கி வைக்கச் சொல்லிக் கேட்பதற்காக. அங்கே அவளுடைய உள்ளங்கையை அளந்தார்கள்.

அளந்தவள் ட்வைலா ஹாஸ்கெட், முகப்பு ஜன்னலுக்குப் பின்னால் உட்காரும் அலுவலர். நீதிமன்ற ஆணையை லோர்னா உள்ளே நீட்டியபோது, ட்வைலா ஆணையை விட்டுவிட்டு அதை நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் நாடாவை நடுவிரல் நுனியில் வைத்து மணிக்கட்டு வரை இழுத்துப் பார்த்தாள்.

"பெருசும் இல்ல, சிறுசும் இல்ல. இந்தக் கையில எதக் குடுத்தாலும் உக்காரும், கண்ணு."

"நான் துப்பாக்கி வாங்க வரல. அவன்கிட்ட இருக்கறத வாங்கச் சொல்லித்தான் வந்திருக்கேன். ஜட்ஜு ஆர்டர் போட்டுட்டாரு."

"அப்படியா. அதுக்குப் பக்கத்து ஜன்னல்."

பக்கத்து ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை. லோர்னா அங்கே போய் நின்றாள். ட்வைலா எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. என்ன விஷயம்?"

எங்கள் கார்விக் மாவட்டம் மிசௌரியின் தெற்கு மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது இங்கே ஒரு செய்தி அல்ல. லோர்னாவின் அப்பா வீட்டில் வேட்டைத் துப்பாக்கிகள் கதவுக்குப் பின்னால் குடைகளைப் போலச் சாய்ந்திருந்தன. அவளுக்குத் துப்பாக்கியிடம் பயம் கிடையாது. பயமெல்லாம் கணவன் ராய்ஸிடம்.

ராய்ஸ் ப்ரூயிட் டிராக்டர் பழுதுபார்ப்பவன். நல்ல வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் நாற்காலிகளை எடுத்துப் போட்டு அடுக்குகிறவன். அந்தக் குளிர்காலத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் கைத்துப்பாக்கியையும் மேசைக்குக் கொண்டுவர ஆரம்பித்தான். முதலில் அது அவரைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. பிறகு உப்புக் குப்பியைப் பார்த்துக் கிடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள், டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள் என்பதற்காக அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். ஒரு விளம்பரம் ஓடி முடியும்வரை பிடித்திருந்தான். பிறகு "சும்மாதான்" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு துண்டு சோள ரொட்டி கேட்டான். லோர்னா வைத்தாள். மறுநாள் அவள் வேலை பார்க்கும் கால்நடைத் தீவனக் கடையிலிருந்தே நீதிமன்றத்துக்குப் போன் செய்தாள்.

நீதிபதி கேட்டார், எழுதினார். ராய்ஸ் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அவளிடமிருந்து ஐந்நூறு அடிக்குள் வரக் கூடாது, அவளிடம் பேசக் கூடாது. துப்பாக்கிகளையெல்லாம் ஒரு வருஷத்துக்கு ஷெரீஃபின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டும். சேதி காதில் விழுந்ததுமே ராய்ஸ் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான், துப்பாக்கிகளோடு.

ஷெரீஃப் மெர்ல் ஓடம் லோர்னாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். அவரைப் பிடிக்காதவர்கள் எங்கள் மாவட்டத்தில் குறைவு. ஷெரீஃப் பதவிக்கு நடந்த ஐந்து தேர்தல்களில் அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை.

"லோர்னா, உங்கப்பாவும் நானும் ஒண்ணா மான் வேட்டைக்குப் போனவங்க. உங்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன். உன் வீட்டுலருந்து நீ போன் பண்ணினா என் ஆளு வந்து சேர முக்கா மணி நேரம் ஆகும். ஓடையில தண்ணி வந்தா சுத்திக்கிட்டு வரணும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சப்புறம் நாங்க என்ன பண்ணமுடியும்? எழுதத்தான் முடியும். ஆனா ஒண்ணு, நல்லா எழுதுவோம். மாநிலத்துலயே நம்ம ஆபீஸ் ரிப்போர்ட்டுக்குத் தனி மரியாதை."

"நீங்க அவன்கிட்டருந்து துப்பாக்கிய வாங்கிட்டா, அப்புறம் வரவே வேண்டாமே."

"வாங்கணும்னா அங்க போகணும். போனா அவனுக்குக் கோவம் வரும். துப்பாக்கி வச்சிருக்கற கோவக்காரன் வீட்டுக்கு என் பசங்கள எப்படிம்மா அனுப்பறது? அவங்கள நம்பி வீட்டுல பொண்டாட்டிங்க இருக்காங்க."

"நானும் ஒருத்தன் பொண்டாட்டிதான் ஷெரீஃப்."

"அதான் சொல்றேன். அவன எப்படிச் சமாளிக்கறதுன்னு உனக்குத் தெரியும். என் பசங்களுக்கு அந்த அனுபவம் கிடையாது."

பிறகு அவர் வழியைச் சொன்னார். வீட்டில் மிரட்டலுக்கு ஆளாகும் பெண்களுக்காக மாநில அரசு ஒரு நிதி கொடுக்கிறது. அதை வாங்கிக் கார்விக் மாவட்டம் 'பாதுகாப்பான முதல் கைத்துப்பாக்கி' என்று ஒரு வகுப்பை நடத்துகிறது. முதல்முறை துப்பாக்கி வாங்குகிறவர்கள் தவறானதை வாங்கிவிடக் கூடாது என்பது நோக்கம். வீட்டுப் பக்கம் ரோந்து வண்டி அனுப்புவதும் அதே நிதியில்தான் நடக்கிறது. ஆகவே வகுப்பில் தேறியவர்களுக்கு மட்டும்தான் ரோந்து.

"பயிற்சி இல்லாத ஒரு பொம்பள பயந்துபோய் உக்காந்திருக்கற வீட்டுக்கு என் பசங்கள நான் அனுப்பமாட்டேன்" என்றார் ஷெரீஃப். "அவங்களுக்குப் பாதுகாப்பு வேணாமா?"

லோர்னா வகுப்பில் சேர்ந்தாள்.

கண்காட்சித் திடலில், வருஷாவருஷம் பசுமாடுகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகையில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி வேண்டும் என்று வந்திருந்தது. அவர்களைத் தவிர வென்டல் க்ரெப்ஸ் என்கிற பெரியவர். மனைவி இறந்துபோனவர், ஒரு காது கேட்காது. வகுப்பில் டோனட்டும் மதியத்துக்கு யாராவது கொண்டுவரும் கோழியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட கேசரோலும் கிடைக்கும் என்பதால் ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாகச் சேர்ந்து, ஒவ்வொரு முறையும் தேறிவிடுவார். வீட்டு வரவேற்பறைச் சுவர் முழுக்க அவருடைய சான்றிதழ்கள்தான்.

ட்வைலாதான் ஆசிரியை. மாடுகளை நிறுத்தும் மேடையில் ஏறி நின்று பேசினாள்.

"மொதத் துப்பாக்கிங்கறது செருப்பு மாதிரி. ஊர்ல எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்வாங்க, உங்க கால கடிக்கும். அழகா, குட்டியா இருக்கேன்னு சின்னதா வாங்காதீங்க. சின்னதுதான் ஜாஸ்தி உதைக்கும். பெருசு வாங்கினா தூக்க முடியாம டிராயர்ல கிடக்கும். நடுத்தரமா எடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி பிடிச்சுப் பாருங்க, சுட்டுப் பாருங்க. கடைக்காரன் சொன்னான்னு எடுக்காதீங்க, புருஷன் சொன்னான்னும் எடுக்காதீங்க. முக்கியமானது, அவசரமே படாதீங்க. எத்தன நாள் ஆனாலும் யோசிச்சு முடிவு பண்ணுங்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாமே நியாயமான யோசனைகள். லோர்னாவும் கவனமாகக் கேட்டாள். பிறகு பாதுகாப்பு விதிகள் வந்தன. எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது. விரல் வெளியே இருக்க வேண்டும்.

லோர்னா கையைத் தூக்கினாள். "ஒருத்தன் நம்ம மேல திருப்பிட்டான்னா என்ன பண்றது?"

ட்வைலா கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "இது துப்பாக்கிக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கான வகுப்பு, கண்ணு. முன்னாடி நிக்கறவங்களுக்குத் தனியா ஒரு வகுப்பு வைக்கலாம்னு பேச்சு இருந்துச்சு. அதுக்கு நிதி வரல."

புது ஜோடி அதைக் குறிப்பெடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் நீதிபதியின் ஆணை முறைப்படி ராய்ஸின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. டேட் என்கிற இளம் டெபுடி, அதாவது ஷெரீஃபின் கீழ் வேலை பார்க்கும் காவலர், பெட்ரோல் பங்க் உணவகத்தில் காலைச் சாப்பாட்டில் இருந்த ராய்ஸைப் பார்த்து, மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் இறைச்சிக் குழம்புமாக இருந்த தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தான். அன்று மத்தியானமே ராய்ஸ் தன் துப்பாக்கிகளைத் தானே கொண்டுவந்து ஒப்படைத்தான். ஒவ்வொன்றும் எண்ணெய் போட்டுத் துடைத்து, குண்டு நீக்கி, தனித்தனிப் பெட்டியில், குழல் தரையைப் பார்த்தபடி. ஷெரீஃப் அசந்துபோனார். அவருடைய பதவிக்காலத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காக ஒப்படைத்ததில்லை. அங்கேயே ராய்ஸின் தோளில் கை போட்டு ஒரு வேலை கொடுத்தார்.

அந்த வேலை என்னவென்று லோர்னாவுக்குச் சுடும் பயிற்சி நாளில்தான் தெரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டை ஒட்டிப் பயிற்சி இடம். லோர்னா போனபோது டெபுடி டேட், நில அளவைக்காரர்களின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு திடலின் அந்தக் கோடி வரை நடந்துகொண்டிருந்தான். கோடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியில் ராய்ஸ், கையில் ஏலம் போடுகிறவர்களின் ஒலிபெருக்கி, கழுத்தில் தொலைநோக்கி.

"வகுப்புக்கு வணக்கம்" என்றது ஒலிபெருக்கி.

லோர்னா நேராக ஷெரீஃபிடம் போனாள். அவர் தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அவன் என் பக்கத்துல வரக் கூடாது."

"வரலயே. ஐந்நூத்தி நாலு அடி. நாலு அடி நானே கூடப் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட பேசக் கூடாது."

"உங்கிட்ட எங்கம்மா பேசறான்? வகுப்புகிட்டப் பேசறான். நீ வகுப்புல இருக்கற, அவ்வளவுதான்." ஷெரீஃப் குரலைத் தாழ்த்தினார். "லோர்னா, ஒரு விஷயம் புரிஞ்சுக்கோ. துப்பாக்கிய வச்சுத் தப்புப் பண்ணின ஒருத்தன் துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லிக் குடுத்தா, அதுல இருக்கற உருக்கம் வேற யாருக்கு வரும்?"

லோர்னா, சுடுகிறவர்கள் நிற்கக் கோடு போட்டுப் பிரித்திருந்த வரிசைகளில் மூன்றாவதில் போய் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆணை மீறலாகிவிடும் என்பதால் ராய்ஸ் அவளை வரிசை எண்ணால் கூப்பிட்டான்.

"மூணாவது வரிசை. தோள எறக்குங்க. மூணாவது வரிசைக்கு எப்பவுமே தோள்ல ஒரு விறைப்பு உண்டு."

வென்டல் கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பினார். "அந்தாளுக்கு உன் தோளப் பத்தி எப்படிம்மா தெரியும்?"

"என் வீட்டுக்காரன்" என்றாள் லோர்னா.

பெரியவர் கையிலிருந்த டோனட்டைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் சாப்பிடவில்லை.

ட்வைலா ஒவ்வொரு துப்பாக்கியாக லோர்னா கையில் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று கனம், ஒன்றில் விரல் எட்டவில்லை, ஒன்று மணிக்கட்டை உதைத்தது. கடைசியில் மாவட்டக் கையிருப்பிலிருந்து ஒரு பெட்டியைத் திறந்தாள். பறிமுதல் அறையின் கூரை ஒழுகுவதால், அங்கே இருப்பவற்றை வகுப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஷெரீஃப் அனுமதித்திருந்தார்.

"இதப் பிடி. நடுத்தரம். பழைய ஓனர் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டது."

லோர்னா பிடித்தாள். விரல்கள் தானாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சிராய்ப்பு. ராய்ஸ் ஒருமுறை பீர் பாட்டில் மூடியை அதைக் கொண்டு நெம்பியபோது வந்தது.

"பாத்தியா, எப்படி உக்காருதுன்னு. உன்ன ரொம்ப நாளாத் தெரிஞ்ச மாதிரி."

"தெரியும்" என்றாள் லோர்னா. "ஆனா நான் இத எப்பவும் முன்பக்கத்துலருந்தே பாத்திருக்கேன்."

ட்வைலாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது போலும், சிரித்தாள். லோர்னா அட்டையை நோக்கி ஐந்து முறை சுட்டாள். அட்டையில் வரைந்திருந்த வட்டத்தின் நடுவில் ஐந்து ஓட்டைகளும் ஒரு காபிக் கோப்பை அகலத்துக்குள் விழுந்தன.

"மூணாவது வரிசை, ரொம்ப நல்லாருக்கு" என்றது ஒலிபெருக்கி.

"அருமை, கண்ணு. நீ பாஸ் பண்ணிட்டா அவனுக்கும் விடிஞ்சிடும்" என்றாள் ட்வைலா. "வகுப்புல எல்லாரும் தேறிட்டா, சொல்லிக் குடுத்தவன் பொறுப்பானவன்னு ஆயிடுதுல்ல? அவன் சாமான அவன்கிட்டயே குடுத்துடலாம்னு ஷெரீஃப் சொல்லியிருக்காரு. பாவம், வெறுங்கையோட எத்தன நாள் இருப்பான்."

நீதிபதி ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறாரே என்று லோர்னா ஷெரீஃபிடம் கேட்டாள். அவர் ஆணையைப் பையிலிருந்து எடுத்து விரலை வைத்துக் காட்டினார்.

"என்ன போட்டிருக்கு? 'ஷெரீஃபின் பொறுப்பில்.' என் பொறுப்புன்னா என்னம்மா? இந்த மாவட்டமே என் பொறுப்புதான். ராய்ஸோட அண்ணன் வீடும் மாவட்டத்துக்குள்ளதான் இருக்கு."

தேர்வு நாளில் ஒரு மேசையின் மேல் ஏழெட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. புது ஜோடி ஒரே துப்பாக்கியின் மேல் ஒரே நேரத்தில் கை வைத்தது. வென்டல் வழக்கமாக எடுப்பதை எடுத்தார். லோர்னா மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எது?" என்றாள் ட்வைலா.

"இன்னும் முடிவு பண்ணல."

"நேரம் ஆகுது கண்ணு."

"நீங்கதானே அவசரப்படக் கூடாதுன்னு சொன்னீங்க."

ட்வைலா தாளில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டாள். லோர்னா தேறவில்லை. ராய்ஸின் பெட்டிகள் ஒழுகும் அறைக்கே திரும்பிப் போயின.

அவள் அடுத்த வகுப்பில் மறுபடி சேர்ந்தாள். மறுபடியும் முடிவு பண்ணவில்லை. அதற்கடுத்த வகுப்பிலும். கோடைக்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் அதே மண்மேட்டுக்கு முன்னால் நின்று, அதே துப்பாக்கியால் அருமையாகச் சுட்டு, தேர்வு மேசையில் கையைக் கட்டிக்கொண்டாள். ஊரில் அவளுக்கு நல்ல பெயர் வந்தது. இவ்வளவு நிதானமாக முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிற பெண்ணைப் பார்த்ததில்லை என்று தீவனக் கடையில் விவசாயிகள் பேசிக்கொண்டார்கள். மாநிலத் தலைநகரிலிருந்து வந்த ஓர் அதிகாரி அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ராய்ஸ் நாற்காலியை விட்டு நகரவில்லை. அவன் குரலும் உயரவில்லை.

"மூணாவது வரிசை அவசரப்பட வேண்டாம்" என்றது ஒலிபெருக்கி, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும். "எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல."

அக்டோபரில் அவனுடைய அண்ணனின் லாரி, லோர்னா வீட்டுச் சாலைமுனையில் நிற்க ஆரம்பித்தது. டேட் அளந்து பார்த்துவிட்டு ஐந்நூறு அடிக்கு மேல் இருக்கிறது என்றான். ரோந்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள். நீ இன்னும் தேறவில்லையே என்றார்கள். லோர்னா இரவில் குளியலறைத் தொட்டிக்குள் போர்வையை விரித்துப் படுத்தாள். அந்த இரும்புத் தொட்டி கனமானது, குண்டு துளைக்காது என்பதால்.

அதை அவள் வென்டலிடம் சொன்னபோது, இருவரும் கொட்டகையில் கேசரோல் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ தேறிடு" என்றார் பெரியவர்.

"தேறினா அவன்கிட்ட துப்பாக்கி போயிடும்."

"எல்லாரும் தேறினாத்தானே? நான் ஃபெயில் ஆயிடறேன். உனக்கு ரோந்து வரும், அவனுக்கு ஒண்ணும் வராது." அவர் கொஞ்ச நேரம் தட்டைக் கிளறினார். "எனக்கு என்ன, சுவத்துல இனிமே எடமும் இல்ல."

லோர்னா அவரையே பார்த்தாள். அந்த வருஷத்தில் அவளுக்காக ஒருவர் ஒரு காரியம் செய்வதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. தட்டை வைத்துவிட்டு வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தத் தேர்வில் லோர்னா மேசையிலிருந்து ஒரு சாதாரண ரிவால்வரை எடுத்து, கையேட்டில் இருந்த காரணங்களை வரிசையாகச் சொன்னாள். ட்வைலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து வென்டல் வந்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

"வென்டல், நீங்க எப்பவும் எடுக்கறது இதோ இருக்கு பாருங்க."

"அது பிடிக்கல இப்போ."

"என்ன பிடிக்கல?"

"ஒரு மனுஷனுக்குப் பிடிக்காம போகக் கூடாதா?" என்றார் வென்டல், சத்தமாகவே.

மூன்று நாள் லோர்னா தன் படுக்கையில் தூங்கினாள். நான்காவது நாள் பட்டமளிப்பு விழா.

ஷெரீஃப் ஓடம் மேடையேறினார். புதுச் சட்டை, தொப்பி. அவர் பேச்சை நான் நேரில் கேட்டேன். எல்லோரும் கேட்டோம்.

"இந்த வகுப்புல ஒருத்தர் மட்டும் தேறலன்னு எங்கிட்ட வந்து சொன்னாங்க. யாருன்னு பாத்தா நம்ம வென்டல். நான் கேக்கறேன், பதினோரு தடவ தேறின மனுஷன், ஒரு தடவ தவறினா தவறினவரா? கூட்டிக் கழிச்சுப் பாத்தா வென்டல் தேறினவர்தான். நம்ம ஆபீஸ் யாரையும் கைவிடாது. வென்டலையும் கைவிடல, லோர்னாவையும் கைவிடல, ராய்ஸையும் கைவிடல. ஒரு குடும்பத்துல சண்டைன்னா சாதாரண போலீஸ் என்ன பண்ணுவான்? ஒரு பக்கம் சேருவான். நாங்க சேரமாட்டோம். ரெண்டு பக்கமும் சமமா பலம் இருந்தா அங்க அமைதி தானா வரும். இன்னிக்கு அந்தப் பொண்ணுக்கும் துப்பாக்கி தெரியும், அந்தப் பையனுக்கும் துப்பாக்கி இருக்கு. இதவிட ஒரு ஷெரீஃப் என்னங்க பண்ணமுடியும்?"

கைதட்டினார்கள். வென்டல் எழுந்து, "நான் தேறல, நான் தேறலங்கறேன்" என்று சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் அடக்கம் என்று நினைத்து அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

லோர்னா கையில் சான்றிதழைக் கொடுத்தார்கள். அதே நேரத்தில் டேட், ராய்ஸின் பெட்டிகளைச் திடலுக்குள் ஓட்டும் சின்ன வண்டியில் ஏற்றி, மறுகோடியை நோக்கி ஓட்டிக்கொண்டு போனான். ஆயுதம் ஏற்றிய வண்டி நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்ததால் மெல்லப் போனான். ராய்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

வண்டி பாதித் திடலைத் தாண்டியபோது லோர்னா தன் காரில் இருந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. மாற்றுத் துணி, குளிர்கோட்டு எதுவும் எடுக்கவில்லை. தெற்கே திரும்பி, மாநில எல்லையைத் தாண்டி, அர்கன்சாவில் அத்தை மகள் ஒருத்தி நடத்திய துணி வெளுக்கும் கடையில் போய் நின்றாள்.

நவம்பர் கடைசியில் வென்டல் அங்கே போன் செய்தார்; எண்ணை அவள் அவருக்கு மட்டும் கொடுத்திருந்தாள். அவளுக்குக் குளிர்கோட்டு எடுத்து அனுப்பலாம் என்று அவள் வீட்டுப் பக்கம் போயிருக்கிறார்.

"கோட்டு கெடைக்கலம்மா. நான் உள்ள போகல."

"ஏன், என்னாச்சு?"

"அவன் வாசப்படியில உக்காந்திருந்தான். மடியில அத வச்சுக்கிட்டு. நான் வண்டிய விட்டே எறங்கல. அதுக்குள்ள பின்னாடியே ரோந்து வண்டி வந்துச்சு. உனக்கு அனுமதி ஆன ரோந்துதான். அந்த டேட் பையன் எறங்கிப் போனான். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

"அப்புறம்?"

"'இங்க நீ உக்காரலாமா?'ன்னு கேட்டான். 'வீட்ட விட்டு வெளியேறணும்னு இருக்கு, வாசப்படி வீட்டுக்கு வெளியதானே? அவகிட்டருந்து ஐந்நூறு அடின்னு இருக்கு, அவ எங்க இங்க இருக்கா?'ன்னான் இவன். பையன் யோசிச்சுப் பாத்தான். சரிதான்னுட்டான். விரல் வெளிய இருக்கு, குழல் தரையப் பாத்துருக்கு, நல்லா வச்சிருக்கீங்கன்னு வேற சொன்னான். 'வீட்டுல எல்லாம் பத்திரமா?'ன்னு கேட்டான். 'பத்திரம்'னான் அவன். ரோந்து வண்டி போயிடுச்சு."

லோர்னா போனைப் பிடித்தபடியே கண்ணாடி வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒண்ணு சொன்னாம்மா அவன். சொல்லலாமா வேணாமான்னு..."

"சொல்லுங்க."

"'குளிர் ஆரம்பிச்சிடுச்சு, அவ கோட்டு எடுக்க வருவா'ன்னான். வரலன்னா, அவளுக்கு எங்க குளிருதுன்னு பாத்துக்கிட்டு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்னான். போன வாரம் உன் சித்தி வீட்டுல நீ எங்கன்னு விசாரிச்சானாம்."

மதியம் மூன்று மணி. வெளுக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. லோர்னா போனை வைத்துவிட்டுக் கடையின் முன்கதவைத் தாழிட்டாள். பின்பக்கம் போய் அந்தக் கதவையும் தாழிட்டாள். கொஞ்ச நேரத்தில் துணி எடுக்க வந்தவர்கள் முன்னால் சேர்ந்து, கண்ணாடியைத் தட்டி, கடை திறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டு, ஒவ்வொரு தடவையும் கதவை மறுபடி தாழிட்டாள்.